மாமாவின் எழுபத்திரண்டு வாட்

என் நாற்காலிக்கு மாலை போட்டார்கள். வினை அங்கேதான் ஆரம்பித்தது.

சித்திரைத் தேர் அன்று விடிகாலை. குளித்து, அரக்குப் பட்டுச் சேலை கட்டி, ஹாலின் நடுவில் என் புது நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். மின்சாரச் சக்கர நாற்காலி. வலது கைப்பிடியில் கட்டைவிரல் உயரத்துக்கு ஒரு ஜாய்ஸ்டிக் இருக்கும். முன்னால் சாய்த்தால் போகும், விட்டால் நின்றுவிடும். பின்னால் இருந்து யாரும் தள்ள வேண்டாம். அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் அதை வாங்கினேன்.

என் அக்கா சாந்தியின் கணவர் செல்வராஜ் அத்தான் தரையில் குந்தி, சக்கரத்துக்குச் சந்தனமும் குங்குமமும் வைத்துக்கொண்டிருந்தார். துறையூரில் தண்ணீர் மோட்டார் கடை வைத்திருப்பவர். உலகத்தில் எதைக் காட்டினாலும் "எத்தனை ஹெச்.பி?" என்று கேட்பார். நாற்காலியைப் பார்த்ததும் அதைத்தான் கேட்டார். சொன்னேன். உதட்டைப் பிதுக்கினார்.

"இருந்தாலும் வண்டின்னு வந்துட்டா மாலை போடணும் கலா. டிராக்டருக்குப் போடறோம்ல, அந்த மாதிரிதான்" என்றார்.

சாமந்தி மாலை. வாழைநார் என்றால் அறுந்துவிடுமாம். அதற்காக நைலான் கயிற்றில் கோத்து, துறையூரிலிருந்தே கொண்டு வந்திருந்தார். அதைச் சீட்டுக்கு அடியில் நுழைத்து, பின்பக்கம் எடுத்து, இரண்டு பக்கமும் தொங்கவிட்டார். சக்கரங்களுக்குக் கீழே எலுமிச்சம்பழம் வைத்தார். அக்கா கற்பூரம் காட்டினாள். "ம், எடு வண்டிய" என்றார் அத்தான்.

எடுத்தேன். பழங்கள் ஒவ்வொன்றாக நசுங்கின. அப்புறம் 'டப்' என்று ஒன்று கேட்டது, அது பழம் இல்லை. மாலையின் கயிறு சக்கரத்தில் சுற்றிக்கொண்டு, சீட்டுக்கு அடியில் போன தடித்த சிவப்பு வயரையும் சேர்த்து இழுத்திருந்தது. வயர் தன் பித்தளைப் பின்னிலிருந்து பிய்ந்து தொங்கியது. நாற்காலி செத்துவிட்டது.

வாழைநார் என்றால் மாலை அறுந்திருக்கும். நைலான் ஆனதால் வயர் அறுந்தது.

தேரின் மேல் பாதி

இந்தத் தொடரைத் தொடர்ந்து படிப்பவர்களுக்குத் தெரியும். சிறு வயதில் வந்த போலியோவில் என் இரண்டு கால்களும் போயின. பிளஸ் டூ பெண்களுக்கு இயற்பியல் நடத்திச் சம்பாதிக்கிறேன். ஸ்ரீரங்கம் மேலச் சித்திரை வீதியில், தரைத்தளத்தில் என் வீடு. வாசலில் க்ரில் போட்ட வராந்தா, அதைத் தாண்டினால் வீதி. அந்த வீதியில்தான் வருஷம் ஒருமுறை தேர் போகும்.

அதனால் சித்திரை பிறந்ததுமே எனக்குச் சொந்தபந்தம் பெருகிவிடும். லால்குடியிலிருந்து சித்தி வீடு, துறையூரிலிருந்து அக்கா வீடு, அக்காவின் மகள், மகளின் கைக்குழந்தை, குழந்தையின் தொட்டில் சேலை, எல்லோரும் முதல் நாளே வந்து இறங்குவார்கள். வேறு மாதங்களில் நான் இருக்கும் திசையே அவர்களுக்கு மறந்துபோகும்.

தேரன்று காலையில் அத்தனை பேரும் வடம் பிடிக்கக் கிளம்புவார்கள். கிளம்பும்போது என்னை வராந்தாவில் கொண்டுபோய் நிறுத்துவார்கள். நிறுத்திவிட்டு, பைகளை என் காலடியில் அடுக்குவார்கள். குழந்தை எந்த வருஷம் யார் வீட்டில் இருந்தாலும் அது என் மடிக்கு வரும். பிறகு எல்லோரும் ஒரே வசனத்தைச் சொல்வார்கள்.

"உனக்கென்ன கலா, இங்கேர்ந்தே நல்லாத் தெரியும்."

தெரிந்ததை நான் சொல்கிறேன். ஊர்க்காரர்கள் என் வாசல்படியில் ஏறி நிற்பார்கள், க்ரில்லைப் பிடித்துத் தொங்குவார்கள். உட்கார்ந்திருக்கிறவளுக்கு வேட்டியும் முதுகும் தெரியும். அவற்றுக்கு மேலே, தேரின் மேல் பாதி மட்டும், துணியும் குடையுமாக ஆடிக்கொண்டு போகும். பெருமாளை நான் பார்த்தது கிடையாது. சக்கரத்தைப் பார்த்தது கிடையாது. வடத்தைத் தொட்டதே கிடையாது. மடியில் குழந்தை மூத்திரம் போயிருக்கும், அது மட்டும் தவறாமல் நடக்கும்.

இந்த வருஷம் நான் போவது என்று முடிவு செய்திருந்தேன். யாரும் தள்ளாமல், என் வாசலிலிருந்து நானே வீதிக்கு இறங்கி வடத்தைப் பிடிக்க வேண்டும். எனக்கு வேறு வேண்டுதல் எதுவும் இருக்கவில்லை.

முதுகில் விளம்பரம்

தள்ளினால் என்ன குறைந்துபோகும் என்று கேட்பவர்களுக்காக ஒரு பழைய கதை.

என் முதல் சக்கர நாற்காலி ஒரு நகைக்கடைக்காரர் கொடுத்தது. மேடையில் பூங்கொத்து, கைதட்டல், போட்டோ எல்லாம் உண்டு. நாற்காலியின் முதுகில் சிவப்புப் பெயின்டில் 'உபயம்' என்று எழுதி, கீழே அவர் பெயர், அதன் கீழே கடையின் பெயர், அதற்கும் கீழே 'செய்கூலி இல்லை' என்று எழுதியிருந்தது. கோயில் டியூப்லைட்டில் எழுதுவார்களே, வெளிச்சமே வராமல், அதே மாதிரி.

அந்த நாற்காலியில் வருஷக்கணக்காகக் கல்லூரிக்குப் போனேன். பின்னால் வருகிறவர்கள் என் முதுகைப் படித்துக்கொண்டே வருவார்கள். தள்ளுகிறவர் நடுவில் தெரிந்தவரைப் பார்த்துவிட்டால், என்னைச் சுவரைப் பார்க்க நிறுத்திவிட்டுப் பேசப் போய்விடுவார். சாதனம் என் காலுக்கு என்றார்கள், கைப்பிடி மட்டும் எப்போதும் அடுத்தவர் கையில் இருந்தது. எனக்கு அதில் கோபம்தான், வருத்தமெல்லாம் இல்லை.

சரி, செத்த நாற்காலிக்கு வருகிறேன்.

பெட்டியில் போட்டிருக்கு

தேரன்று காலையில் எங்கள் வீதிகளில் முன்னெச்சரிக்கையாகக் கரண்டை நிறுத்திவிடுவார்கள். அவ்வளவு உயரத் தேர் ஆடிக்கொண்டு வரும்போது கம்பியில் மின்சாரம் ஓடக் கூடாது, நியாயம்தான். என் வயர் பிய்ந்த சற்று நேரத்தில் ஃபேன் சுற்றிச் சுற்றி நின்றது.

அத்தான் முதலில் வயரைப் பின்னோடு முறுக்கிக் கறுப்பு டேப் சுற்றினார். "இப்ப எடு" என்றார். நாற்காலி ஒரு முழம் நகர்ந்தது, டேப் கருகிய வாசனை வந்தது, நின்றுவிட்டது. மோட்டார் இழுக்கிற கரண்டை முறுக்கிய வயர் தாங்காது, ஈயம் வைத்து சால்டர் பண்ணித்தான் ஆக வேண்டும். என்னிடம் ஒரு சால்டரிங் அயர்ன் உண்டு, லேபுக்காக வாங்கியது. சுவர் ப்ளக்கில் மாட்டுகிற இருபத்தைந்து வாட் சமாச்சாரம், ரேடியோ வயருக்குத்தான் ஆகும். சுவரில் கரண்டும் இல்லை.

"தள்ளிட்டுப் போயிடலாம், நாலு பேர் இருக்கோம்" என்றார் அத்தான்.

"வேண்டாம்" என்றேன்.

"அப்ப வராந்தாவுலயே இரேன். இங்கேர்ந்தே நல்லாத் தெ..."

"அத்தான்" என்றேன். என் வகுப்பில் கடைசி பெஞ்ச் பேச்சு நிற்கிற குரல் அது. அவரும் நிறுத்தினார்.

சத்தம் கேட்டு மாடியிலிருந்து ராகவன் மாமா இறங்கி வந்தார். ரிட்டயர்டு என்ஜினியர். கட்டிடத்தில் இன்வெர்ட்டர் இருப்பது அவர் வீட்டில் மட்டும். அதுவும் அன்று அவர் சம்பந்தி வீட்டாருக்காக நான்கு ஃபேனைச் சேர்த்துச் சுற்றப் போய், பாரம் தாங்காமல் கீச்சென்று கத்தி ஓய்ந்திருந்தது. விஷயத்தைக் கேட்டதும் மாமா முகம் மலர்ந்தது. திரும்பிப் போய், பீரோவிலிருந்து ஒரு பெட்டியைக் கொண்டு வந்தார்.

"டீச்சர், இது என் புள்ளை கலிஃபோர்னியாலேர்ந்து அனுப்பிச்சது. சால்டரிங் அயர்ன்தான். பேனா மாதிரி இருக்கும். எழுபத்திரண்டு வாட்."

"பிரிக்கவே இல்லையே மாமா" என்றேன்.

"பிரிச்சா பழசாயிடுமோல்லியோ."

பெட்டியைத் திறந்தார். உள்ளே பேனா தடிமனில் அயர்ன், மாற்றிப் போட இரண்டு முனைகள், ஒரு பக்கம் பின்னும் மறுபக்கம் முதலைவாய் மாதிரி கவ்வும் இரண்டு கிளிப்பும் வைத்த ஒரு வயர், ஒரு சின்னக் கையேடு. சுவர் ப்ளக் கிடையாது. எதில் வேண்டுமானாலும் மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் அதன் பெருமை. அதன் சூட்சுமமும் அதுதான்.

அத்தானுக்கு 'எழுபத்திரண்டு' பிடித்துவிட்டது. "கிட்டத்தட்ட பத்துல ஒரு ஹெச்.பி" என்றார் மரியாதையுடன். தன் பவர் பேங்கை எடுத்து, போன் வயரால் மாட்டினார். இருவரும் குனிந்து பார்த்தார்கள். ஈயக் கம்பியை முனையில் வைத்தார்கள். ஈயம் அப்படியே இருந்தது. கொஞ்ச நேரம் கழித்து அத்தான் முனையைத் தொட்டுப் பார்த்தார்.

"வெதுவெதுன்னு இருக்கு" என்றார். குழந்தைக்கு வெந்நீர் பதம் பார்த்தவர் மாதிரி இருந்தது.

"எழுபத்திரண்டு வாட்னு பெட்டியில போட்டிருக்கே" என்றார் மாமா.

போட்டிருந்தது. அதற்குக் கீழே பொடி எழுத்தில் 'இருபத்து நான்கு வோல்ட்டில்' என்றும் போட்டிருந்தது. மாமா கண்ணாடியை மாடியில் வைத்துவிட்டு வந்திருந்தார்.

இதை நான் ஆண்டுக்கு ஆண்டு கரும்பலகையில் எழுதுகிறேன். வாட் என்பது அயர்னுக்குள் அடைத்து வைத்த சரக்கு இல்லை. முனைக்குள் ஒரு சூடேறும் கம்பி இருக்கிறது, அதன் தடை எட்டு ஓம். கொடுக்கிற வோல்ட்டை அதனாலேயே பெருக்கி, எட்டால் வகுத்தால் வருவதுதான் வாட். இருபத்து நான்கு வோல்ட் கொடுத்தால் எழுபத்திரண்டு. பவர் பேங்கின் ஐந்து வோல்ட்டைக் கொடுத்தால் மூன்று. மூன்று வாட்டில் மூக்குக்கண்ணாடிகூட ஆவி பிடிக்காது.

ஒருமுறை வகுப்பில் ஒரு பெண் எழுந்து, "மிஸ், அப்ப வாட்டு அயர்னோடது இல்லையா, அதுக்கு யாரு சோறு போடறாங்களோ அவங்களோடதா?" என்று கேட்டாள். அதைவிடத் தெளிவாக எந்தப் பாடப் புத்தகமும் சொல்லவில்லை. நம் ஊரில் மாப்பிள்ளைக்கு என்ன சம்பளம் என்று மட்டும் சொல்வார்கள், எந்த ஊர் வாடகையில் என்று சொல்லமாட்டார்கள். பெட்டி எழுத்தும் அந்த ரகம்தான்.

தூரத்தில் வேட்டுச் சத்தம் கேட்டது. தேர் கிழக்கு வீதியில் நிலையை விட்டு நகர்ந்துவிட்டது.

எட்டு பெருசா, ஆறு பெருசா

"வோல்ட் பத்தலை மாமா" என்றேன். "ஸ்கூட்டர் பேட்டரியைக் கழட்டுங்க. பன்னிரண்டு கிடைக்கும்."

மாமாவின் ஸ்கூட்டரை அத்தான் ஸ்க்ரூடிரைவரோடு அணுகினார். மாமா பக்கத்தில் நின்று, "மெதுவா, மெதுவா" என்று சொல்லிக்கொண்டே இருந்தார். பிள்ளைக்கு ஆபரேஷன் நடப்பதுபோல் கையைப் பிசைந்தார். பேட்டரி வந்தது. கிளிப்பை மாட்டினார்கள்.

இந்த முறை ஈயம் உருகியது. இருவரும் என்னைப் பார்த்துச் சிரித்தார்கள். ஆனால் முனையைத் தடித்த வயரில் வைத்ததும் உருகிய ஈயம் அப்படியே உறைந்து, வயரில் ஒட்டாமல் உருண்டு விழுந்தது. விரல் தடிமன் செம்பு. வைக்கிற சூட்டையெல்லாம் உறிஞ்சித் தன் நீளம் முழுக்கப் பரப்பிக்கொள்ளும். பன்னிரண்டு வோல்ட்டில் பதினெட்டு வாட்தான். வோல்ட் பாதியானால் வாட் கால்வாசியாகிவிடும்.

"இன்னொரு முனை இருக்கே, அதைப் போடுங்க" என்றேன். "அதோட தடை ஆறு ஓம். அதே பேட்டரியில இருபத்து நாலு வாட் வரும்."

மாமா நிமிர்ந்தார். அவருக்குள் இருந்த என்ஜினியர் விழித்துக்கொண்டார்.

"டீச்சர், நீங்க தலைகீழாச் சொல்றேள். ரெசிஸ்டன்ஸ் ஜாஸ்தியானாத்தானே சூடு ஜாஸ்தி? எட்டு பெருசா, ஆறு பெருசா?"

"பேட்டரி அதேதான் மாமா. தடை குறைஞ்சா கரண்ட் அதிகமாப் போகும். கரண்ட் போனாத்தான் சூடு."

"தடுத்தாத்தானே சூடாகும்?"

"முழுசாத் தடுத்துட்டா கரண்டே போகாது. என்னை வருஷா வருஷம் க்ரில்லுக்குப் பின்னாடி தடுத்து வெச்சீங்களே, சூடாச்சு, ஆனா எங்கயாவது போனேனா?"

அத்தான் தொண்டையைச் செருமினார். மாமா அதைக் கேட்காதவர் மாதிரி முனையை மாற்றினார்.

ஆறு ஓம் முனையும் ஜெயிக்கவில்லை. வயரின் மேல் தோலில் ஈயம் சற்றே ஒட்டியது, இழுத்தால் கையோடு வந்துவிட்டது. இருபத்து நாலு வாட் அந்தச் செம்புக்குப் போதவில்லை. ஆனால் பதினெட்டைவிட நன்றாக உருகியது என்பதை மாமாவும் பார்த்தார். பார்த்துவிட்டு, "ஸ்கூட்டர் பேட்டரி இப்பத்தான் சூடு பிடிச்சிருக்கும்" என்றார்.

லாரி தேடிய இருவர்

தெருவில் கூட்டம் கூடத் தொடங்கியது. என் வாசல்படியில் யாரோ ஏறி நின்றார்கள். அக்கா உள்ளே வந்து, "தேர் தெற்கு வீதிக்குள்ள வந்துடுச்சாம். நாங்க கிளம்பறோம்" என்றாள். அவள் கையில் மகள் வயிற்றுப் பேரன் இருந்தான். அவனை எங்கே வைப்பது என்று அவள் கண் என் மடியைத் தேடியது. நான் மடியில் இரண்டு கையையும் கோத்து வைத்துக்கொண்டேன். பைகள் எப்போதோ என் காலடிக்கு வந்திருந்தன.

அழுகையை விழுங்கிக்கொண்டு சொன்னேன்: "இருபத்து நாலு வோல்ட் வேணும். அப்பத்தான் இது நடக்கும்."

"இருபத்து நாலுக்கு எங்க போறது?" என்றார் மாமா. "லாரிலதான் உண்டு. பன்னெண்டு பன்னெண்டா ரெண்டு பேட்டரி ஜோடிச்சிருப்பான்."

"லாரியா? நம்ம ஆளு ஒருத்தன் இருக்கான்" என்று அத்தான் போனை எடுத்தார். "டேய், லாரி எங்க நிக்குது? திருவெள்ளறையா? ஸ்ரீரங்கத்துக்கு வர முடியுமா? என்னது, தேரா? ஆமாடா, தேர்தான். அதுக்குத்தான்டா கேக்கறேன்."

ஊரே அடைத்துக் கிடக்கிறது, பாலத்திலேயே வண்டியை விடமாட்டார்கள், இவர் லாரியைச் சித்திரை வீதிக்கு அழைக்கிறார். மாமா அதற்குள், "ரெண்டு ஸ்கூட்டர் பேட்டரி சேர்த்தா?" என்றார். "அடுத்த வீட்டு ஸ்கூட்டரும் என்னோடது மாதிரிதான். ஆனா அவா கதவைப் பூட்டிண்டு போயிட்டா."

பன்னிரண்டும் பன்னிரண்டும். ரெண்டு பேட்டரி. ஜோடி.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. என் நாற்காலியின் முதுகில் ஒரு லேபிள் உண்டு, வாங்கிய அன்றே படித்திருக்கிறேன். சீட்டுக்கு அடியில் இரண்டு பேட்டரி, ஒவ்வொன்றும் பன்னிரண்டு, இரண்டும் வரிசையில். ராத்திரி முழுக்கச் சார்ஜ் போட்டது. பிய்ந்தது நாற்காலிப் பக்கத்து வயர்தான், பேட்டரிப் பெட்டி பத்திரமாக இருக்கிறது. இவர்கள் திருவெள்ளறையில் தேடுகிற இருபத்து நாலு வோல்ட்டின் மேல் நான் விடிகாலையிலிருந்து உட்கார்ந்திருக்கிறேன்.

"அத்தான், பேட்டரி இங்கயே..." என்றேன்.

"இரும்மா, பேசிட்டு இருக்கேன்ல."

"மாமா, என் சீட்டுக்குக் கீழே..."

"நீங்க டென்ஷன் ஆகாதீங்கோ டீச்சர். நாங்க பாத்துக்கறோம்."

என் தலைக்கு மேலே இரண்டு பேரும் லாரியின் வழித்தடத்தைப் பேசினார்கள். நாற்காலியில் உட்கார்ந்தவளிடம் ஊர் எப்போதும் இப்படித்தான் பேசும், தலைக்கு மேலே.

நான் பேசுவதை நிறுத்தினேன். கைப்பிடியைப் பிடித்து, உடம்பை இறக்கி, தரையில் உட்கார்ந்தேன். பட்டுச் சேலை அழுக்கானால் ஆகட்டும். வீட்டுக்குள் நான் கையை ஊன்றி நகர்பவள்தான். நாற்காலியின் பின்பக்கம் போய், பேட்டரிப் பெட்டியின் கைப்பிடியை இழுத்தேன். கனமாக உருவிக்கொண்டு வந்தது. மூடியைத் திறந்து, சிவப்புக்கு ஒரு கிளிப், கறுப்புக்கு ஒரு கிளிப் மாட்டினேன். கையேட்டைப் பார்த்தேன், இருபத்தெட்டு வோல்ட் வரை தாங்கும் என்றிருந்தது. பழைய எட்டு ஓம் முனையையே எடுத்துப் போட்டேன். எழுபத்திரண்டு போதும். தொண்ணூற்றாறுக்குப் போய் மாமாவின் பெருமையைப் புகையாக்க வேண்டியதில்லை.

"அட" என்றார் மாமா. போனில் இருந்த அத்தான் லாரிக்காரனிடம், "டேய், வராத" என்றார்.

பதம் பார்த்த விரல்

அயர்னின் சின்னத் திரையில் எண்கள் ஓடின. நான் ஈயத்தையும், அது ஒட்டுவதற்குத் தடவுகிற பேஸ்ட்டையும் எடுக்கத் திரும்பினேன்.

"தொடாதீங்க அத்தான்" என்று சொல்லிக்கொண்டேதான் திரும்பினேன். ஆனால் அன்று காலையிலிருந்து அவருக்குத் தெரிந்த அயர்ன் வெதுவெதுப்பானது. தவிரவும், மாட்டி ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, அதற்குள் என்ன சூடாகிவிடும் என்று நினைத்திருக்கிறார். இரண்டு விரலால் முனையைப் பிடித்துப் பதம் பார்த்தார்.

எழுபத்திரண்டு வாட் என்றால் என்ன என்பதை நான் இத்தனை வருஷம் கரும்பலகையில் நடத்தியிருக்கிறேன், ஒருவரும் இவ்வளவு சீக்கிரம் புரிந்துகொண்டதில்லை.

அக்கா ஓடிப்போய் விரலைக் குழாயில் பிடித்தாள். பிறகு ஒரு டம்ளர் நீர்மோர் கொண்டு வந்து அதில் அமிழ்த்தி வைத்தாள். பெரிய காயம் இல்லை, கொப்புளம்தான். "கலா, நீ அதைப் பாரு" என்றார் அத்தான் பல்லைக் கடித்துக்கொண்டு. அன்று காலையில் அவர் சொன்ன முதல் நல்ல வார்த்தை அதுதான்.

வயரின் முனையில் பேஸ்ட் தடவி, அயர்னை வைத்தேன். செம்பு உறிஞ்சியது. உறிஞ்ச உறிஞ்ச அயர்ன் கொடுத்துக்கொண்டே இருந்தது. ஈயம் ஒரு கணம் தயங்கி, பிறகு பளபளவென்று வயரின் இழைகளுக்குள் இறங்கியது. பின்னின் குழியை நிரப்பி, வயரை அதில் அமுக்கி, மூச்சு விடாமல் பிடித்தேன். ஆறியதும் இழுத்துப் பார்த்தேன். வரவில்லை.

கிளிப்புகளைக் கழற்றி, பெட்டியைத் திரும்ப நுழைத்து, நாற்காலியில் ஏறி உட்கார்ந்தேன். ஜாய்ஸ்டிக்கை லேசாகச் சாய்த்தேன். போயிற்று.

வெளியே கூட்டத்தின் இரைச்சல் மாறியது. தேர் முக்குத் திரும்பி எங்கள் வீதிக்குள் நுழைந்துவிட்டது.

அக்காவும் மகளும் செருப்பை உதறிவிட்டு ஓடினார்கள். அத்தானால் வடம் பிடிக்க முடியாது, விரலை மோரில் விட்டபடி வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். அக்கா போகிற போக்கில் பேரனை அவர் மடியில் வைத்தாள். நான் என் காலடியில் இருந்த பைகளை ஒவ்வொன்றாக எடுத்து அவர் காலடியில் வைத்தேன்.

"கொஞ்சம் பாத்துக்குங்க அத்தான். இங்கேர்ந்தே நல்லாத் தெரியும்."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்தார். நான் க்ரில் கதவைத் தாண்டி, படிக்குப் பக்கத்துச் சரிவு வழியாக வீதியில் இறங்கினேன்.

வடத்தின் நுனி

வெயில், வியர்வை, கற்பூரம், துளசி, மிதிபட்ட வாழைப்பழம், எல்லாம் சேர்ந்த ஒரு வாசனை. அதை நான் இதுவரை க்ரில் வழியாகத்தான் முகர்ந்திருக்கிறேன்.

ஒரு பெண் போலீஸ் கையை நீட்டி மறித்தார். "இங்க வரக் கூடாதும்மா. ஓரமாப் போங்க."

"ஓரத்துலேர்ந்துதான் வரேன்" என்றேன். "நுனியில மட்டும் பிடிச்சுட்டுப் போயிடறேன்."

அவர் நாற்காலியைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார். "தேர் கிட்ட மட்டும் போயிடாதீங்க" என்று வழிவிட்டார்.

யாரோ பின்னால் வந்து கைப்பிடியைப் பற்றியது தெரிந்தது. "தள்ளிவிடறேன்க்கா" என்றது ஓர் ஆண் குரல். "கையை எடுங்க தம்பி" என்றேன். எடுத்துவிட்டார்.

தேருக்கு வெகு முன்னால், வடத்தின் நுனியில் கூட்டம் குறைவு. லால்குடிப் பக்கத்து வயல்காட்டுப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். ஒருத்தி நகர்ந்து இடம் கொடுத்தாள். "இப்படி வாங்கக்கா. இடது கையில புடிச்சுக்கங்க."

வடம் நான் நினைத்ததைவிடத் தடிமன். சொரசொரவென்று, மாட்டுக் கழுத்து மாதிரி சூடாக இருந்தது. இடது கையில் வடம், வலது கையில் ஜாய்ஸ்டிக். பின்னால் ஆயிரம் தொண்டைகளில் "ரங்கா" என்று கிளம்பியது. வடம் என் கையில் விறைத்தது. நான் ஜாய்ஸ்டிக்கை முன்னால் சாய்த்தேன்.

மோட்டார் முக்கியது. என் சிவப்பு வயர் வழியே இருக்கிற கரண்டெல்லாம் ஓடியிருக்கும். ஈயம் தாங்கியது. சக்கரம் ஒரு கணம் மண்ணில் நின்று, பிறகு உருண்டது. நான் இழுத்ததில் தேர் நகர்ந்தது என்று சொல்லவில்லை, எனக்குக் கணக்கு தெரியும். ஆனால் தேர் நகர்ந்தபோது நான் இழுத்துக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தேன். சக்கரம் தெரிந்தது, குதிரைகள் தெரிந்தன, பூவுக்கு நடுவே பெருமாள் தெரிந்தார். முழுத் தேரும் தெரிந்தது. அழுதேன். அதில் மறைக்க என்ன இருக்கிறது.

வடக்கு முக்கு வரை போய்விட்டுத் திரும்பினேன். என் வீட்டு வாசலில் ராகவன் மாமா நாலு பேரைக் கூட்டி வைத்துக்கொண்டு, "எல்லாம் என் புள்ளை அனுப்பிச்ச அயர்ன். எழுபத்திரண்டு வாட்டாக்கும்" என்று சொல்லிக்கொண்டிருந்தார். பெட்டியை மறுபடி ஒட்டியாகிவிட்டது.

வராந்தாவில் அத்தான் அதே இடத்தில் உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் பைகள். தோளில் குழந்தை தூங்கியது. அவர் வேட்டியில் பெரிதாக ஓர் ஈரம் படர்ந்திருந்தது. இரண்டு விரல் மோரில் இருந்தது.

"தேர் பாத்தீங்களா அத்தான்?"

"எங்க பாக்கறது. படியெல்லாம் ஏறி நின்னுட்டானுங்க. மேல் பாதிதான் தெரிஞ்சுது."

பாவமாக இருந்தது என்று எழுதலாம். பொய் எழுதி என்ன ஆகப்போகிறது? மோர் மட்டும் சூடாகியிருந்தது, டம்ளரை வாங்கி வேறு மோர் ஊற்றிக் கொடுத்தேன்.